நாலே பிரதிதான்!

பழைய காமிக்ஸ் சேகரிக்கும் அண்ணாச்சி ஊருக்கு ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பதுக்கு மேல். வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டால் மதினியைத்தான் கூப்பிடுவார். 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் முதல் இதழ் எங்கே என்றால், எந்த பீரோ, எந்தத் தட்டு, மேலிருந்து எத்தனையாவது என்று தூக்கத்திலும் சொல்வார். மதினியின் பட்டுப்புடவைக்குக் கிடைக்காத அந்துருண்டை அதற்கு உண்டு.

அந்த இதழ்தான் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிட, கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிரிட்டனில் 1962-ல் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ; வெறும் கறுப்பு மையில் நிழலையும் திகிலையும் கொண்டுவந்தவர். அண்ணாச்சியிடம் "பிளாஸ்கோ" என்று சொல்லிப் பாருங்கள். "அது எந்த வருஷத்து இதழ்? என்கிட்ட இல்லையே!" என்று பதறுவார்.

அவருடைய ரசனைக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஊரில் நாலு பிரதி இருந்தால் காவியம். நாற்பது இருந்தால் சுமார். அவரிடம் மட்டும் இல்லாவிட்டால், "அது குப்பைக் கதை, தம்பி." எதுவாவது இரண்டு பிரதி கையில் சேர்ந்துவிட்டாலோ, அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: "இந்த மாதிரி ஓவியம் இனிப் பிறந்துதான் வரணும். யாரோ ஒருத்தர்கிட்ட ஒரு டபுள் இருக்காம்." அந்த யாரோ யார் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவரவரிடமும் விற்க ஒரு டபுள் இருப்பதால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

"அப்போ கொஞ்சம்தான் அடிச்சாங்க, அதான் கிடைக்கல" என்பது அவர் கட்சி. பிள்ளைகள் படித்தார்கள் என்ற விஷயம் அவர் கணக்கில் வருவதே இல்லை. பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தார்கள், அட்டை கழன்று விழும்வரை கைமாற்றினார்கள். மிச்சத்தை அம்மாக்கள் எடைக்குப் போட்டார்கள். நன்றாக இருந்ததால் கிழிந்தது, கிழிந்ததால் அரிதானது. வெளிநாட்டிலும் இதே கணக்குதான். 1938-ல் 10 சென்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில்தான் சூப்பர்மேன் பிறந்தான். அதன் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்குப் போனது. 1992-ல் அதே சூப்பர்மேனைக் கொன்று, கறுப்பு உறையில் போட்டு, துக்கப் பட்டையும் சேர்த்து விற்றார்கள். பின்னால் விலை ஏறும் என்று ஆளாளுக்குக் கட்டுக்கட்டாக வாங்கிப் பிரிக்காமல் வைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் ஏறவேண்டிய விலை ஏறவே இல்லை. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணாச்சி சொல்வார்: "அந்தக் கறுப்பு உறை கிழியாம இருக்கா?"

அவருக்கு உலகில் ஒரே எதிரி மறுபதிப்பு. 2010-ல் 'இரத்தப் படலம்' என்ற காமிக்ஸ் தொடர் கறுப்பு வெள்ளைத் தொகுப்பாக வந்தபோது ஒன்றை வாங்கி ஒளித்து, கேட்டவர்களுக்கெல்லாம் யானை விலை சொல்லிக்கொண்டிருந்தார். 2018-ல் அதே கதை வண்ணத்தில் வந்தது. படிக்கிறவர்கள் கொண்டாட, இவர் முகத்தில் ஈயாடவில்லை. "வாசகனுக்குத் துரோகம்" என்றார். எந்த வாசகன் என்று சொல்லவில்லை.

போன மாதம் மருமகன் ஒரு மாயாவி மறுபதிப்பை வாங்கிவந்து திண்ணையில் போட்டான். விலை போகாத சரக்கு என்பதால் அண்ணாச்சி தைரியமாகப் பிரித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். காபி ஆறிப்போனது. கடைசிப் பக்கத்தில்தான் நிமிர்ந்தார்.

"பிரமாதமா இருக்கேய்யா! யாரு வரைஞ்சது?"

"பிளாஸ்கோன்னு ஒருத்தர், மாமா."

"அப்படியா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவர் கையெழுத்துப் போட்ட பிரதி யார்கிட்டயாவது இருக்குமா, மாப்ளே?"