சரஸ்வதி மகாலுக்குப் போற சீமான்

ஏன் கண்ணு, ரெண்டு நாள் லீவுல தஞ்சாவூரு போறியாமே! ஓசூரு சிப்காட்டுல நைட் ஷிப்டு பாத்துப் பாத்து மூஞ்சி வாடிப் போச்சு, போயிட்டு வா. நம்ம ஒகேனக்கல்லு காவேரித் தண்ணி அந்த ஊருக்கு எந்தக் காலத்துல இருந்தோ போய்க்கினு இருக்குது. அஞ்செட்டிக்காரன் நீ இப்பத்தான் கெளம்புற.

காலையில பெரிய கோயிலு, மத்தியானம் ஓட்டலு, நடுவுல அரை மணி மிச்சமாச்சுன்னா சரஸ்வதி மகால் நூலகம்னு சொன்னியாம். சரியான கணக்கு. பர்னல்னு ஒரு வெள்ளைக்கார ஜட்ஜு, தஞ்சாவூருல வேலை பாத்தவரு, அந்த நூலகம் இருக்கற அரண்மனையில கெடந்த சமஸ்கிருதச் சுவடிங்களை வருசக்கணக்கா புரட்டி, 1880 வாக்குல பட்டியலு அச்சுப்போட்டாரு. வெறும் பட்டியலு! நீ அரை மணியில மொத்தத்தையும் பாத்துருவ. பாவம், அந்த மனுசனுக்கு உன் சூட்டிகை பத்தலை.

போட்டோவுக்குக் கீழ எழுத ரெண்டு வரி வேணுமில்ல? கேட்டுக்கோ. தஞ்சாவூரு மராட்டிய ராஜா ரெண்டாம் சரபோஜி 1798ல பட்டத்துக்கு வந்தாரு. மறுவருசமே கும்பினிக்காரன் நாட்டு நிர்வாகத்தைப் பிடுங்கிக்கினு, கோட்டையை மட்டும் வெச்சுக்கய்யான்னு உட்டுட்டான். வேற ராஜாவா இருந்தா தாயக்கட்டை உருட்டியே காலத்தைக் கழிச்சிருப்பாரு. இவரு புத்தகம் சேத்தாரு. காசிக்குப் போனா எல்லாரும் செம்புல கங்கைத் தண்ணி கொண்டாருவாங்க. இவரு சுவடிங்களையும் சேத்துக் கொண்டாந்தாரு. சீமையில இருந்து வரவழைச்ச புத்தகத்துல இங்கிலீசுல கையெழுத்துப் போட்டு வெச்சாரு. நீயும் ஒகேனக்கல் பாறையில ஆணியால பேரு கிறுக்கிட்டு வந்தவன்தான். ஆனா அவரு காசு குடுத்து வாங்குன பொருளு மேல போட்டாரு.

அதோட நிக்கல. கண்ணு நோவுன்னு வந்தவங்க கண்ணைப் படமா வரைஞ்சு, என்ன வைத்தியம் பாத்தாங்கன்னு எழுதி வெச்ச குறிப்பும் அங்க இருக்குது. இருநூறு வருசத்துக்கு முன்னாடி ராஜா ஊட்டு ஆஸ்பத்திரியில சீட்டு எழுதி பத்திரமா வெச்சிருக்காங்க. போன மாசத்து ஈ.சி.ஜி. சீட்டை எங்க வெச்சன்னு உன்னைக் கேட்டேன், தெரியாதுன்ட.

இன்னொண்ணு. நம்ம ஊட்டுல தெலுங்கு பேசுனா சிநேகிதங்க முன்னாடி நெளியுவியே, அங்க கொஞ்சம் நெஞ்சை நிமித்திக்கினு நடக்கலாம். மராட்டியருக்கு முன்னாடி ஆண்ட நாயக்கருங்க, ரகுநாத நாயக்கரும் அவரு மவன் விஜயராகவ நாயக்கரும், தெலுங்குல காவியமும் யட்சகானமும் எழுதுனவங்க. தமிழு, தெலுங்கு, மராட்டி, சமஸ்கிருதம்னு நம்ம சந்தை மாதிரியே எல்லா பாஷையும் அங்க உண்டு. என்ன, சந்தையில பேசுனா போதும். அங்க படிக்கவும் தெரியணும். உனக்கு அந்தத் தொந்தரவு கெடையாது.

கண்ணாடிப் பெட்டியில இருக்கறது துளிதான், மிச்சமெல்லாம் உள்ள அடுக்கியிருக்குது. 1918ல இருந்து பொதுசனத்துக்குத் தொறந்து உட்ட எடம். ஆனா உள்ள என்ன இருக்குதுன்னு யாரையும் கேட்டுடாத. கேட்டா சொல்லிடுவாங்க, அப்புறம் அரை மணி கெட்டுப் போவும். பனை ஓலையைப் பாத்தா "பழசு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நகந்துரு. எழுத்தாணியால கீறி, கரி தடவுனாத்தான் அதுல எழுத்து தெரியும்னு உனக்கு எதுக்கு?

நீ நிக்கிற மாதிரி ஒரு எடம் சொல்றேன். லெ ப்ரூன்னு ஒரு பிரெஞ்சு ஓவியரு, மனுச மூஞ்சியையும் மிருக மூஞ்சியையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்ச படம் இருக்குது. உங்க சூப்பர்வைசரு எந்த மூஞ்சின்னு தேடுவ. தேடு, ஆனா ரொம்பக் கிட்டப் போவாத. கண்ணாடியில உன் மூஞ்சியும் சேந்து தெரியும்.

நூலகத்துக்காரங்களே சுவடியில இருந்து எடுத்து அச்சுப்போட்ட புத்தகங்களை விக்கிறாங்க. வைத்திய புத்தகம் ஒண்ணு எனக்கு வாங்கியா, முட்டி வலிக்கு எதாச்சும் இருக்கும். சரபேந்திர பாகசாஸ்திரம்னு அரண்மனைச் சமையல் புத்தகமும் உண்டு. அதைப் பாட்டிக்குத் தெரியாம வாங்கியாந்து எங்கிட்டயே குடுத்துரு. உங்க பாட்டி அதைப் பாத்து ராகிக் களியில புதுசா எதையாச்சும் செஞ்சு பாக்க ஆரம்பிச்சான்னா, எனக்கு அந்த வைத்திய புத்தகம் ஒண்ணு பத்தாது.