சாம்பலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை

வாருங்கள், வாருங்கள். ரியோ டி ஜெனிரோவில் இருக்கும் பிரேசில் தேசிய அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டுகிறேன். 1818-இல் மன்னர் ஆறாம் ஜுவாவ் தொடங்கி வைத்தது. பிற்பாடு பேரரசர்கள் வாழ்ந்த அரண்மனைக்கே குடிவந்தது. பூச்சி, புதைபடிவம், கனிமம், எகிப்திய மம்மி, பழங்குடிகளின் இறகு அணிகள் என்று 2 கோடிப் பொருள்கள். 2018 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை இரவு, அவற்றில் பெரும்பகுதி எரிந்தது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்த காட்சி அது. அருங்காட்சியகத்தின் 200 ஆண்டு வரலாற்றில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் அதைத் திரும்பிப் பார்த்தது அன்றுதான். தீ வைத்தவர் யாருமில்லை. எரிய விட்டவர்களின் கைவண்ணத்தைத்தான் கூடம் கூடமாகப் பார்க்கப் போகிறோம்.

முதல் கூடம், வரவு செலவு. பராமரிப்புக்கென்று ஆண்டுக்கு ஒதுக்கியது 5 லட்சத்து 20 ஆயிரம் பிரேசில் ரெயால். 2014 முதல் அதுவும் முழுசாக வந்து சேரவில்லை. அதே 2014-இல் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தது. பக்கத்துப் பேட்டையில் இருக்கும் மரக்கானா மைதானத்தைப் புதுப்பிக்க 100 கோடி ரெயாலுக்கு மேல் புரண்டது. அந்தப் பணத்தை இங்கே கொடுத்திருந்தால் 1,900 ஆண்டுகளுக்குப் பராமரிப்புச் செலவு கவலையில்லை. மறு ஆண்டே துறைமுகத்தில் 'நாளைய அருங்காட்சியகம்' திறந்தார்கள். அதற்கு 20 கோடி ரெயாலுக்கு மேல். நேற்றைக்குத்தான் நிதி நெருக்கடி, நாளைக்குத் தாராளம். 2016-இல் அரசுச் செலவுக்கு 20 ஆண்டு உச்சவரம்பு கட்டி அரசமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். சிக்கனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது, சரித்திரத்துக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் கூடம், கரையான். மாக்சகாலிசாரஸ் என்ற பெரிய டைனோசரின் எலும்புக்கூடு நின்ற மேடையைக் கரையான் அரித்துவிட்டது. கூடத்தை மூடினார்கள். சீர்செய்ய அரசிடம் காசில்லை. கடைசியில் இணையத்தில் பொதுமக்களிடம் கையேந்தி மீண்டும் திறந்தார்கள். நியாயமாகச் சொல்லவேண்டுமானால், அந்தக் கட்டடத்துக்கு ஒரு நாள் தவறாமல் வேலைக்கு வந்தது கரையான் மட்டுமே.

மூன்றாம் கூடம், பிறந்தநாள். 2018 ஜூனில் 200 ஆண்டு நிறைவு. ஒரு மந்திரியும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அரசு வளர்ச்சி வங்கி 2 கோடியே 17 லட்சம் ரெயாலுக்கு ஒப்பந்தம் போட்டது. தீத்தடுப்பு ஏற்பாடும் அதில் அடக்கம். கையெழுத்து ஜூனில், தீ செப்டம்பரில். பணம் மட்டும் வந்து சேரவில்லை. கோப்பு நடந்து வந்தது, நெருப்பு ஓடி வந்தது.

நான்காம் கூடத்துக்குள் கொஞ்சம் நிதானமாக வாருங்கள். தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி அன்று இங்கே இல்லை. தீயணைப்பு வண்டிகள் வந்தன. அருகிலிருந்த இரண்டு தீயணைப்புக் குழாய்களைத் திறந்தால் போதிய தண்ணீர் வரவில்லை. பக்கத்துப் பூங்காவின் குளத்திலிருந்து இறைத்தார்கள். அதற்குள் 50 லட்சம் பூச்சி மாதிரிகள் போயின. பேச ஆளில்லாமல் போன பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகள் போயின. பேசியவர்களை ஒரு முறை ஒழித்தார்கள், மிஞ்சிய குரலை இன்னொரு முறை. லூசியா என்ற பெண்ணின் மண்டையோடு மண்ணுக்கடியில் 11 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாகக் கிடந்தது. 1970-களில் தோண்டி எடுத்து அரசின் காவலில் வைத்தார்கள். 50 ஆண்டுகூடத் தாங்கவில்லை. இடிபாட்டில் துண்டு துண்டாகப் பொறுக்கி எடுக்க வேண்டியதாயிற்று.

ஐந்தாம் கூடம், கண்ணீர். ஜனாதிபதி மிஷெல் டெமெர், இது கணக்கிட முடியாத இழப்பு என்றார். 5 லட்சத்துச் சொச்சத்தைக் கணக்குப் பார்த்துக் குறைத்தவர்களுக்கு எரிந்த பிறகுதான் கணக்கு மறந்தது. மந்திரி கார்லோஸ் மாருன், இப்போது அழுவதற்கு நிறைய விதவைகள் கிளம்பிவிட்டார்கள் என்று நக்கலடித்தார். தாலியறுத்தவர்களே துக்கம் விசாரிக்க வந்தவர்களைக் கிண்டல் செய்யும் இழவு வீட்டை இங்கேதான் பார்க்கலாம். தீப்பிடித்த மறுநாள் வாசலில் கூடி உள்ளே போக முயன்ற மக்கள்மீது போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. குழாயில் தண்ணீர்தான் தட்டுப்பாடு. புகைக்குண்டு இருப்பில் குறையே இல்லை.

ஆறாம் கூடம், நீதி. மத்தியப் போலீஸ் துருவித் துருவி விசாரித்து 2020-இல் முடிவு சொன்னது. தரைத்தளத்து அரங்கிலிருந்த ஏசியில் பற்றிய தீயாம். யார்மீதும் வழக்கில்லை. ஏசி மட்டும் வாய்தா கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

கடைசியாக, பெந்தெகோ விண்கல். 1784-இல் பாயியா வறண்ட காட்டில் கிடைத்தது, 5 டன்னுக்கு மேல் எடை. தீ அணைந்தபோது பழைய இடத்திலேயே நின்றது. வானத்திலிருந்து விழுந்தபோதே எரிந்து பழகியது என்பதால் அரசாங்கத்தை நம்பி இருக்கவில்லை. 2025-இல் அரண்மனையின் ஒரு பகுதியைத் தற்காலிகமாகத் திறந்து, அந்தக் கல்லையும் ஒரு திமிங்கில எலும்புக்கூட்டையும் காட்சிக்கு வைத்தார்கள். எரியாத பொருளை மட்டும் சேகரித்தால் அருங்காட்சியகம் நடத்துவது எவ்வளவு சுலபம்!

பிரேசில்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? 2016 ஏப்ரல் 26 அதிகாலை, டெல்லி மண்டி ஹவுஸ் அருகே நமது தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. கட்டடத்தின் தீயணைப்பு அமைப்பு வேலை செய்யவில்லை என்று அணைக்கப் போனவர்களே சொன்னார்கள். ரியோவுக்கு இரண்டு ஆண்டு முன்பே நாம் ஒத்திகை பார்த்துவிட்டோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதற்கென்றே எல்லா நாட்டிலும் ஓர் இலாகா இருக்கிறது. பெயர் கலாச்சார இலாகாவாகவும் இருக்கலாம், சுற்றுச்சூழல் இலாகாவாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகும்போது சிலையையும் எலும்புக்கூட்டையும் பிறகு பாருங்கள். முதலில் சுவரோரம் இருக்கும் சிவப்புக் குழாயைப் பாருங்கள். தண்ணீர் வருமா, கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று அதிகாரியிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். மந்திரியின் இரங்கல் அறிக்கை எந்த நாட்டிலும் ஒரு மம்மியைக்கூட மீட்டதில்லை.