கிருபாவும் எட்டணா காணிக்கையும்

‘பிள்ளை பேச வந்தால் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுங்கள்.’ என் முதல் புத்தகத்தில், ஜனவரி 9-ஆம் தேதி தியானத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது. அதை எழுதும்போது அறைக்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். வெளியே என் மகள் ஸ்கேலால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“எம்மா, மூக்குக்குள்ள சிலேட்டுக்குச்சி போயிட்டும்மா.”

“இந்த ஒரு வரியை முடிச்சிட்டு வாரேன்ட்டி.”

அந்த ஒரு வரிதான் மேலே இருப்பது. குச்சியை வெளியே கொண்டுவந்தவர் என் மாமியார். பக்கத்து வீட்டு உபதேசியாரிடம் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி கடன் வாங்கி, பேத்தியைத் தும்ம வைத்திருக்கிறார். தும்மல் சத்தத்தில் நான் கதவைத் திறந்தேன். அத்தை என்னை ஒன்றும் சொல்லவில்லை. “பொஸ்தகம் நல்லா வருதா?” என்று மட்டும் கேட்டார்.

இது 1993. பாளையங்கோட்டையில், ஊசிக் கோபுரத்து மணி கேட்கிற தூரத்தில் வாடகை வீடு. மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. நான் உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குத் தமிழ் டீச்சர். ஓய்வுநாள் பள்ளியில் நான் சொல்லும் கதைகளைக் கேட்ட பதிப்பாளர் ஒருவர், “குடும்ப ஜெபத்துக்கு ஒரு புத்தகம் எழுதுங்களேன், நாளுக்கு ஒரு பக்கம்” என்றார். ஒரு பக்கம்தானே என்று தலையாட்டிவிட்டேன். வருஷத்துக்கு 365 பக்கம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பதிப்பாளர் இன்னொன்றும் சொன்னார்: “லீப் வருஷத்துக்கும் சேத்து ஒண்ணு போட்டிருங்க டீச்சர்.”

ஒவ்வொரு பக்கத்திலும் வாசிக்க வேண்டிய வேதப்பகுதி, வீட்டில் நடக்கிற மாதிரி ஒரு கதை, பிள்ளைகளிடம் கேட்க ஒரு கேள்வி, நாலு வரி ஜெபம். ஜெபம் எளிது. கேள்வியும் எளிது. கதைக்கு எங்கே போவது? வீட்டிலேயே இரண்டு கதைகள் ஓடித் திரிந்துகொண்டிருந்தன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, மறுநாள் மாவை மூடிவைத்துவிட்டு உட்கார ஒன்பதரை ஆகும். பதினொரு மணி வரை எழுதலாம். கட்டு கட்டாகத் திருத்த வேண்டிய காலாண்டு விடைத்தாள் ஒரு பக்கம், தியானம் ஒரு பக்கம். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் மோசே செங்கடலைக் கடந்த பக்கத்தின் ஓரத்தில் ‘நன்று, கையெழுத்தைத் திருத்துக’ என்று சிவப்பு மையில் போட்டு, மார்க்கும் கொடுத்திருந்தேன். பத்துக்கு ஏழு.

அப்போது புத்தகம் ஈய எழுத்தில்தான் அச்சேறியது. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். என் தாள்களில் புளிக்குழம்பும் இருக்கும். கம்பாசிட்டர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. ‘மார்ச் 3, குழம்புத்தாள்’ என்று அடையாளம் வைத்துக்கொண்டார். கார்த்திகை மாதம், மனிதர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். ப்ரூஃப் வாங்கப் போனபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“டீச்சர், உங்க புத்தகத்துல கர்த்தர் ரொம்ப வாராரு.”

“வரத்தான செய்வாரு சாமி?”

“வரட்டும். ஆனா ஒரு கர்த்தருக்கு ரெண்டு ‘ர்’ போகுது. பெட்டி காலி. இந்த எட்டுப் பக்கம் அச்சேறி, எழுத்தப் பிரிச்சுப் பெட்டியில போட்டாத்தான் அடுத்தது கோக்க முடியும். மிச்சம் நாலு பக்கத்துக்கு ‘தேவன்’னு வச்சிக்கிடலாமா? அதுல ‘ர்’ கிடையாது.”

வைத்துக்கொண்டோம். அந்தப் பதிப்பில் ஜூன் மாத நடுவில் கர்த்தர் திடீரென்று தேவனாகி, நாலு நாள் கழித்துத் திரும்புவார். ஒரு போதகர், அதாவது எங்கள் ஊர் வழக்கில் ஐயர், அந்த மாற்றத்தில் ஆழ்ந்த இறையியல் நோக்கம் இருப்பதாகப் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னார். நான் பெண்கள் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். பணிவு என்று நினைத்திருப்பார்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் எனக்கு உதாரணமாகக் காட்டப்பட்டவர் சூசன்னா வெஸ்லி. ஜான் வெஸ்லியையும் சார்லஸ் வெஸ்லியையும் பெற்ற தாய். மொத்தம் 19 பிள்ளைகள், பலதும் தங்கவில்லை. மிஞ்சியவர்களுக்கு வீட்டிலேயே பள்ளிக்கூடம் வைத்தார். பத்துக் கட்டளைக்கும் விசுவாசப் பிரமாணத்துக்கும் பிள்ளைகளுக்காகத் தாமே விளக்கம் எழுதினார். ராத்திரிதோறும் ஒரு பிள்ளைக்குத் தனியாக நேரம். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லஸுக்கு. ஜெபிக்க இடம் இல்லாத வீட்டில், ஏப்ரனைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாராம். தலையில் துணி இருந்தால் அம்மாவைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம்.

நானும் செய்து பார்த்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நிசப்தம். வெஸ்லி அம்மாளுக்கு ஸ்தோத்திரம் என்று நினைத்தேன். அப்புறம் முந்தானையின் கீழ்விளிம்பு மெல்ல உயர்ந்தது. இரண்டு கண்கள், ஒழுகும் மூக்கு. “கண்டுபிடிச்சிட்டேன்! இப்ப நான் ஒளியுதேன், நீ எண்ணு.” எண்ணினேன். ஒன்று முதல் இருபது வரை எண்ணும் நேரத்தில் ஒரு முழு ஜெபத்தை முடித்துவிட்டேன். பிறகு தேடப் போனால் அவள் அரிசிப் பானைக்குள் இருந்தாள்.

இன்னொரு உதாரணம் உள்ளூரிலேயே இருந்தது. களக்காடு பக்கத்து டோனாவூரில் ஏமி கார்மைக்கேல். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரை அம்மா என்று அழைத்தார்கள். 1931-இல் விழுந்து அடிபட்டவர், 1951-இல் கண்மூடும் வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அந்தப் படுக்கையில் இருந்துகொண்டு புத்தகம் புத்தகமாக எழுதினார். மற்றவர்கள் இதில் விசுவாசத்தைப் பார்த்தார்கள். நான் படுக்கையைப் பார்த்தேன். இருபது வருஷம்! ஒருவரும் கதவைத் தட்டி டிபன் பாக்ஸ் மூடி எங்கே என்று கேட்கமாட்டார்கள். கர்த்தர் என் உள்ளத்தை அறிந்தாரோ என்னவோ, 1995 கோடையில் எனக்குச் சின்னம்மை போட்டது. பதினைந்து நாள் தனி அறை. சாப்பாடு வாசலில். இரண்டாவது புத்தகத்தின் பிப்ரவரி முழுவதும், மார்ச்சில் பாதியும் அந்த அறையில் எழுதியவை. ‘பாடுகளின் நடுவே ஒரு தாயின் தியானங்கள்’ என்று பதிப்பாளர் விளம்பரம் போட்டார். அரிப்பைத் தவிர வேறு பாடு இல்லை.

நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்துக் குணசாலியான ஸ்திரீயைப் பற்றி மட்டும் ஏழு தியானங்கள் எழுதியிருக்கிறேன். இருட்டோடு எழுந்திருப்பவள், ராத்திரி விளக்கு அணையாதவள். ஏழையும் அச்சுக்குக் கொடுத்த பிறகுதான் 15-ஆம் வசனம் கண்ணில் பட்டது. அந்த அம்மாள் வீட்டில் வேலைக்காரிகள் இருந்திருக்கிறார்கள். ஒருத்தி இல்லை, பன்மை.

வருமானத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முதல் புத்தகத்துக்கு ஐம்பது பிரதிகள் கிடைத்தன. ராயல்டி என்ற வார்த்தையை நான் ஒரே ஒரு தடவை உச்சரித்தேன். “ஊழியத்துக்கு ராயல்டியா டீச்சர்?” என்று பதிப்பாளர் மனம் நொந்து கேட்டார். காகிதக் கடைக்காரரும் பைண்டிங்காரரும் ஊழியக்காரர்கள் இல்லை போலிருக்கிறது. அவர்களுக்குச் சரியாகப் பணம் போனது. அட்டையில் என் பெயருக்குப் பதிலாகத் ‘திருமதி’ போட்டு என் கணவர் பெயர். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். அலுவலகத்தில் எல்லோரும் கைகுலுக்கி, “புத்தகம் பிரமாதம் சார்” என்றிருக்கிறார்கள். மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

சரி, குடும்ப ஜெபப் புத்தகம் எழுதிய வீட்டில் குடும்ப ஜெபம் எப்படி நடந்தது? ராத்திரி எட்டு மணி. பாமாலையில் ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஆளுக்கு ஒரு ஜெபம். வெள்ளிக்கிழமை மட்டும் டிவியில் ‘ஒளியும் ஒலியும்’ இருப்பதால் ஜெபம் சுருக்கமாக, மிகுந்த ஒருமனப்பாட்டோடு நடக்கும். நான் எழுத வேண்டிய பக்கம் பாக்கி இருந்தால், “நீங்களே ஜெபம் பண்ணிக்கோங்க, அம்மாக்கு எழுத்து வேலை” என்று அறைக்குள் போய்விடுவேன். குடும்பமாகக் கூடி ஜெபிப்பதன் அவசியம் பற்றிய செப்டம்பர் மாதத் தியானங்கள் முழுவதும் அப்படி எழுதியவைதான்.

இப்போது நான் ஓய்வு பெற்றவள். சொந்த வீடு. ஜன்னலோரம் மேஜை, முதுகுவலிக்கு ஏற்ற நாற்காலி, மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப். பதினொரு மணிக்குக் கணவரே காபி போட்டுக்கொண்டு வருகிறார், தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். காலை பத்திலிருந்து சாப்பாட்டு நேரம் வரை ஒரு குஞ்சும் தொந்தரவு செய்வதில்லை. போன மாதம் இரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஒன்றை அழித்துவிட்டேன்.

காரணம் எளிது. வீட்டில் யாரும் தப்பு செய்வதில்லை. பொய் சொல்ல ஆளில்லை, சண்டை போட ஆளில்லை, சிலேட்டுக்குச்சி இல்லை. மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். அவரை வைத்துக் குடும்பத் தியானம் எழுதலாம். அப்புறம் குடும்பம் இருக்காது.

மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு 26 வாரம் பிரசவ விடுப்பு கிடைத்தது. எங்கள் காலத்தில் 90 நாள். இப்போது தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு ஒரு வருஷம் என்கிறார்கள், சந்தோஷம். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம் போனில் அழுதாள். “நீ எப்படிம்மா ஸ்கூலுக்கும் போயி, எங்களையும் வளத்து, புத்தகமும் எழுதுன?” உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். “கர்த்தருடைய கிருபை” என்றேன்.

சொல்லியிருக்கக்கூடாது. கிருபை என்றதும் அவளுக்குக் கிருபா ஞாபகம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 14-ஆம் தேதிக் கதை அது. கிருபா என்ற சிறுமி ஓய்வுநாள் பள்ளிக் காணிக்கைக்குக் கொடுத்த எட்டணாவில் பாலைஸ் வாங்கித் தின்றுவிட்டு, மனசாட்சி குத்தி, அம்மாவிடம் அழுது அறிக்கை செய்கிறாள். புத்தகத்திலேயே அதிகம் பேருக்குப் பிடித்த கதை. கம்பாசிட்டர் சாமிகூட, “அந்த ஐஸ் பிள்ளை கதை நல்லாருக்கு டீச்சர்” என்றார். பெயரை மாற்றித்தான் எழுதியிருந்தேன். ஆனால் எங்கள் சபையில் யார் வீட்டு ஐஸ் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் கல்யாணம் வரை காணிக்கைப் பை வரும்போதெல்லாம் யாராவது ஒரு சித்தி திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

“மறுபதிப்பு வருதாமே. அதை மாத்துவியா?”

“எதுக்குட்டி? சின்ன வயசுல செஞ்சதுதான.”

“நான் செய்யலம்மா. அண்ணன்தான் ஐஸ் தின்னான். எனக்குக் கடைசிக் குச்சிதான் தந்தான். நீ கேக்கும்போது என் வாயில குச்சி இருந்துச்சு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லத்தான் கதவத் தட்டுனேன்.”

மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். கோயம்புத்தூரில் இருக்கிறான், அங்கே சபையின் பொருளாளர் அவன்தான். காணிக்கை எண்ணுவது அவன் பொறுப்பு. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “ஆமாம்மா” என்றான். “மாத்துறதுன்னா மாத்துங்க. ராஜான்னு மட்டும் போட்றாதீங்க, வீட்டுல என்னை அப்படித்தான கூப்பிடுவீங்க.” மகளிடம் சொன்னேன். ராஜா என்றுதான் போட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள்.

இப்போது டைப் செய்கிறவன் சின்னப் பையன். ‘ர்’ எத்தனை வேண்டுமானாலும் வைத்திருக்கிறான். “பேர் மாத்தணுமா? ஃபைண்ட் ரீப்ளேஸ் டீச்சர், ஒரு நிமிஷம்” என்றான். ஒரு நிமிஷம்தான் ஆனது. ராத்திரி போனுக்கு முழுப் புத்தகமும் பிடிஎஃப்பாக வந்தது. ஆகஸ்ட் 14-ஐத் திறந்தேன். ‘ராஜா அந்த எட்டணாவைத் தன் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டாள்’ என்று இருந்தது. நவம்பர் மாதத்துக்குப் போனால், நாம் தைரியமாய்க் கிட்டிச் சேர வேண்டிய கிருபாசனம், ‘ராஜாசனம்’ ஆகியிருந்தது.

காலையில் அவனைக் கூப்பிட்டேன். ஆசனத்தைப் பழையபடி வைக்கச் சொன்னேன். ‘கொண்டாளை’க் ‘கொண்டான்’ ஆக்கச் சொன்னேன்.

“பாவாடையை டவுசர் ஆக்கிரவா டீச்சர்? ஒரே அமுக்கு.”

“அமுக்காத. புத்தகத்துல வேற எங்கெல்லாம் பாவாடை வருதுன்னு முதல்ல பாரு.”

விசை தட்டுகிற சத்தம் கேட்டது.

“பதினேழு இடத்துல வருது டீச்சர். எல்லாத்துலயும் ஏதாவது தப்பு பண்ணிட்டு அழுதுக்கிட்டே நிக்கிற பிள்ளை.”

“டவுசர்?”

“நாலு. நாலுலயும் நல்ல பையன்.”