ஃபூஜிக்கு டூப்!

கேள்வி: 'தி லாஸ்ட் சாமுராய்' படத்தில் வருவது உண்மைச் சரித்திரமா, டாம் க்ரூஸுக்காகத் தைத்த சரித்திரமா?

பதில்: துணி உண்மை, தையல் ஹாலிவுட்! 1877-ல் ஜப்பான் அரசை எதிர்த்து சாமுராய்களின் சத்சுமா கலகம் நடந்தது நிஜம். கென் வாட்டனபே நடித்த கட்சுமோட்டோ, அதை நடத்திய சைகோ டகமோரியின் நிழல். டாம் க்ரூஸ் பாத்திரத்துக்கு மூலம் என்று சொல்லப்படும் ஜூல் புருனே அமெரிக்கரே இல்லை, பிரெஞ்சு ராணுவ அதிகாரி. அவர் சண்டை போட்டது 1868-69 ஜப்பான் உள்நாட்டுப் போரில், அதுவும் சைகோவுக்கு எதிர்த்தரப்பில்!

படத்தில் துப்பாக்கியைத் தொட்டாலே தீட்டு என்பதுபோல சாமுராய்கள் வாளோடு பாய்கிறார்கள். ஜப்பானுக்குத் துப்பாக்கி வந்ததோ 1543-ல். சைகோவின் ஆட்கள் துப்பாக்கி, பீரங்கியோடுதான் கிளம்பினார்கள். தோட்டா தீரத் தீரத்தான் வாளை நம்ப வேண்டியதாயிற்று. இதைக் காட்டினால் ரசிகர் கண்ணில் நீர் வருமா? பின்னணியில் கம்பீரமாக நிற்கும் எரிமலைகூட நியூசிலாந்தின் டரனாகி. ஃபூஜி மலைக்கே டூப்!

ஆனாலும் வாட்டனபேக்காக இன்னொரு முறை பார்க்கலாம். அவர் வரும் காட்சிகளில் டாம் க்ரூஸ்தான் துணை நடிகர். ஆஸ்கர்காரர்கள் எதையோ மாற்றிப் புரிந்துகொண்டு, வாட்டனபேயைத் துணை நடிகர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்!