ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிட்டல் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றேன். "மூணுலேருந்தும் வெளியே வரும்போது பர்ஸ் காலி. அதைத்தானே சொல்றீங்க?" என்றாள் மனைவி.

தாய் லத்தீன்காரி. பெயர் ஹோஸ்பெஸ். வீடு தேடி வருகிறவரும் ஹோஸ்பெஸ்தான், வாசலில் நின்று 'வாங்க வாங்க' என்கிறவரும் ஹோஸ்பெஸ்தான். பிரெஞ்சுக்காரர்கள் இன்னமும் இருவருக்கும் ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள். உச்சரிப்பு 'ஓட்'. பில் வரும் நேரத்தில் தமிழ்க் காதுக்கு நல்ல யோசனையாகத்தான் கேட்கிறது.

அந்தக் காலத்து ஹாஸ்பிட்டல், வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த சத்திரம். யாத்திரிகர், அநாதை, கிழவர், நோயாளி எல்லோரும் ஒரே கூரையின் கீழ். நோயாளிக்கு மட்டும் என்று ஆனது பிற்பாடு. அதனால்தான் 1552-ல் லண்டனில் தோன்றிய கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் ஒரு பள்ளிக்கூடம். கவிஞர் கோல்ரிட்ஜும் கட்டுரையாளர் சார்லஸ் லாமும் படித்தது அங்கேதான். "பையன் எங்கே?" "ஹாஸ்பிட்டல்ல." "ஐயோ, என்ன ஆச்சு?" "லத்தீன் இலக்கணம்."

பாரிஸில் கூத்து இன்னும் பெரிது. நோத்ர்-தாம் தேவாலயத்தின் பக்கத்தில் இருக்கும் ஓத்தெல்-தியே, பெயரளவில் 'கடவுளின் ஹோட்டல்'. ரூம் கேட்டு உள்ளே போனால் ட்ரிப்ஸ் ஏற்றிவிடுவார்கள், அது ஆஸ்பத்திரி. ஓத்தெல் த வீல் என்பது நகராட்சி அலுவலகம். நம்மூரில் ஹோட்டல் என்றால் இட்லி, படுக்க வேண்டுமானால் லாட்ஜ். இந்த விஷயத்தில் நாம்தான் தெளிவு.

ஹாஸ்டல் முன்னதாகவே இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டதால் நடுவிலுள்ள 'ஸ்'ஸைக் கையோடு கொண்டுபோனது. பிந்திப் புறப்பட்ட ஹோட்டலுக்கு அது கிடைக்கவில்லை. பிரெஞ்சில் 'ஸ்' செத்துப்போய், அதன் நினைவாக 'ஓ'வின் தலையில் ஒரு குல்லாய் மட்டும் மிச்சம்.

இந்தக் குடும்பத்தில் ஒரு பொல்லாத பங்காளியும் உண்டு: ஹோஸ்டிஸ். ஆதியில் வெறும் 'அந்நியன்'. போகப் போக 'எதிரி' ஆகிவிட்டான். முன்னோர் காலத்தில் இச்சொல்லுக்கு இவ்வளவு கடுமை இல்லை என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோவே எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலத்தின் 'ஹோஸ்டைல்' இவன் வாரிசு. 'கெஸ்ட்' என்ற சொல்லும் ஜெர்மானிய வழியில் வந்த தூரத்து உறவு. விருந்தாளி, வீட்டுக்காரர், எதிரி மூவருக்கும் ஒரே வேர். கோடை விடுமுறையில் வீட்டில் உறவினர் கூட்டத்தைச் சமாளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போன வருஷம் மாமாவைப் பித்தப்பைக் கல்லுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாசலிலேயே 'கெஸ்ட் ரிலேஷன்ஸ்' என்று ஒரு மேசை. அங்கிருந்த பெண் அட்டையை நீட்டினாள்: ஜெனரல் வார்டு, ட்வின் ஷேரிங், டீலக்ஸ், சூட். வயிற்றைப் பிடித்துக்கொண்டே மாமா கேட்டார்: "இதுல டிபன் சேர்த்தியாம்மா?"

காலையில் டிஸ்சார்ஜ் என்றார்கள். இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வருவதற்குள் இருட்டிவிட்டது. சட்டை மாட்டி, புறங்கையில் பிளாஸ்திரியோடு, மடியில் பையை வைத்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார் மாமா. "நேரம் தாண்டினா இன்னொரு நாள் வாடகை போட்டுடுவானோ, மாப்ளே?" கடைசியில் கருத்துப் படிவம் ஒன்று வந்தது. 'மீண்டும் எங்களிடம் வருவீர்களா?' என்ற கேள்விக்கு நேராகப் பேனாவை அழுத்தி எழுதினார்: "ரூம் சௌகரியம். ரசத்தில் உப்பில்லை. கல் வந்தால் பார்க்கலாம்."