பட்டாசு ஆலை பசுமையாவது எப்படி? அண்ணாச்சிகளுக்குச் சில யோசனைகள்

அண்ணாச்சி, முதலில் நல்ல சேதி. கரிப்புகையைக் குறைக்க ஆலையை மூட வேண்டியதில்லை, அட்டைப் பெட்டியை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. 2070-க்குள் நிகர பூஜ்ஜியம் என்று பிரதமர் கிளாஸ்கோவில் அறிவித்தது 2021 நவம்பர் 1. சரவெடிக்கும் பேரியத்துக்கும் உள்ள தடையை உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது அதற்கு மூன்று நாள் முன்னால். தீபாவளி மூன்று நாள் பின்னால். 2070-க்கு நாள் கிடக்கிறது, லோடு ஏற்றத்தான் நாள் இல்லை.

எனவே பச்சை உப்பை நிறுத்துங்கள். பச்சை ஒளி தருகிற பேரியம் நைட்ரேட்டை எடுத்தால்தான் பட்டாசு பசுமையாகுமாம். ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்காமல் நாக்பூருக்கு ரயிலேறுங்கள். லைசென்ஸ் தரும் பெசோவுக்கும் பசுமை ஃபார்முலா தரும் நீரிக்கும் அதுதான் தலைமையகம். ஒரே டிக்கெட்டில் இரண்டு வேலை, அதுவே கார்பன் சிக்கனம். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டால் ஃபார்முலா கைக்கு வரும். ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என மூன்று ரகம். ஸ்வாஸ் வெடிக்கும்போதே நீராவி விட்டுத் தூசியை அமுக்கும். நுண்துகள் 30 சதவீதம் குறைந்தால் பாஸ். மீதி 70 சதவீதத்தை அச்சிடப் பெட்டியில் எங்கே இடம்? பச்சை லோகோவும் கியூஆர் கோடும் போக, சாமி படத்துக்கே நெருக்கடி. நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் நம்ம சிவகாசியிலிருந்து லாரியில்தான் போகிறது. அந்த டீசல் புகையை யாரும் பெட்டியில் போடச் சொல்லவில்லை, நாமாக வாயைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, மூச்சு. மருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. உள்குத்தகைக்கு விட்டு, மரத்தடியிலும் ஆளை உட்கார வைத்தால் அத்தனை பேர் விடும் கரியமில வாயு என்னாவது? சுற்றுச்சூழலுக்காகவாவது நாலோடு நிறுத்துங்கள். உயிருக்காக நிறுத்தச் சொன்னால் எங்கே கேட்கிறோம்? வெடிவிபத்து என்றால் 2012-ல் முதலிபட்டி, 2021-ல் அச்சங்குளம் என்று ஊர்ப்பெயர்தான் மாறுகிறது. அலுமினியத் தூள் இமைமுடி வரை படிந்து, வெள்ளிச் சிலைபோல வெளியே வரும் பெண்களை விளம்பரப் படத்தில் சேர்க்காதீர்கள். பச்சைப் பின்னணிக்கு எடுக்காது.

கடைசியாக வரும்படி. 2023-ல் மத்திய அரசு கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் கொண்டுவந்தது. சிமெண்ட் ஆலைக்காரர்கள் மட்டும்தான் சம்பாதிக்க வேண்டுமா? தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 வரைதான் வெடிக்க அனுமதி. மீதி 22 மணி நேரமும் வெடிக்காமல் விட்ட புகை உங்கள் சேமிப்புதானே, மனுப் போடுங்கள். அந்த 22 மணி நேரமும் தெருப்பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று அதிகாரி கேட்டால், அது வாங்கியவர் கணக்கு, ‘ஸ்கோப் 3’ என்று சொல்லி ஃபைலை மூடிவிடுங்கள்.