பட்டத்தின் தலைமேல் ஓர் உடுக்குறி: நின்றுபோன சீசனும் ரசிகர் வரலாற்றியலும்

கால்பந்து ரசிகன் எதற்காக உயிர்வாழ்கிறான் என்ற வினாவுக்கு, ‘ஆட்டம் பார்ப்பதற்காக’ என்று விடை சொல்வது மரபு. இம்மரபு பிழை என்று நிறுவ எழுந்ததே இவ்வாய்வேடு. ஆட்டம் வாரத்துக்குத் தொண்ணூறு நிமிடம். தூங்கியது போக மிச்ச நேரமெல்லாம் ரசிகன் செய்வது வரலாற்று ஆராய்ச்சி. இதை மெய்ப்பிக்க வேண்டுமானால் ஆட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டு, ரசிகனை மட்டும் விட்டுவைத்துப் பார்க்க வேண்டும். அப்படியொரு சோதனைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பணம் தராது. 2020 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அதை இலவசமாகவே நடத்திக் கொடுத்தது. முந்தின நாள் இரவு ஆர்சனல் பயிற்றுநர் மிக்கேல் ஆர்டேட்டாவுக்குக் கொரோனா உறுதியாகியிருந்தது. விடிந்ததும் லீக்கை நிறுத்தினார்கள்.

நின்ற கணத்தில் கிடைத்த தரவு இது. லிவர்பூல் 29 ஆட்டங்களில் 27 வென்று 82 புள்ளி. இரண்டாமிடத்து மான்செஸ்டர் சிட்டி ஓர் ஆட்டம் குறைவாக ஆடி 57. இடைவெளி 25. இன்னும் ஆறே புள்ளி, அதாவது இரண்டு வெற்றி வந்தால், முப்பது ஆண்டு கழித்து லிவர்பூலுக்குப் பட்டம். உலகம் முழுக்க நோய் பரவி ஊரெல்லாம் கதவடைத்துக் கிடந்தபோது, ‘எல்லாம் எங்களுக்குக் கப்பு கிடைக்கக் கூடாதுன்னே நடக்குது’ என்று மனமார நம்பியவர்கள் இருந்தார்கள் என்பதைப் பிற்கால மானிடவியலார் ஏற்க மறுக்கலாம். ஆகவே இங்கே பதிவு செய்கிறோம்.

ஆய்வு எல்லை

உலக ரசிகர் அனைவரையும் ஆராய ஓர் ஆயுள் போதாது. ஒரே ஊர், இரண்டு கிளப் என்று சுருக்கிக்கொண்டோம்: லிவர்பூல் நகரத்தின் செஞ்சட்டையான லிவர்பூல், நீலச்சட்டையான எவர்டன். செஞ்சட்டை என்றதும் கட்சி அலுவலகத்தைத் தேட வேண்டாம். அந்தக் கிளப்பை எழுப்பி நிறுத்திய பயிற்றுநர் பில் ஷாங்க்லி தன்னைச் சோஷலிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டவர் என்பது உண்மைதான். அது வேறோர் ஆய்வேட்டுக்கு உரியது.

திணை ஆராய்ச்சி

லிவர்பூல் மெர்சி ஆற்றின் கழிமுகத்தில் உள்ள துறைமுக நகரம். ஆகவே நிலம் நெய்தல், உரிப்பொருள் இரங்கல். ஆனால் 1990 ஏப்ரல் 28 அன்று குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை வென்று பதினெட்டாம் பட்டத்தை உறுதி செய்ததற்குப் பின் இந்த ரசிகன் செய்ததெல்லாம் இருத்தல். அது முல்லைக்குரிய ஒழுக்கம். கடற்கரையில் உட்கார்ந்து முல்லைத் தலைவியைப் போலக் காத்திருப்பதைத் திணைமயக்கம் என்று கொள்க. இடையிடையே இரங்கலும் வாய்த்தது. 2014 ஏப்ரலில், பட்டம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கையில், செல்சியுடனான ஆட்டத்தில் தலைவர் ஸ்டீவன் ஜெரார்டு வழுக்கி விழுந்தார், பட்டமும் விழுந்தது. 2019 ஜனவரியில் சிட்டி மைதானத்தில் பந்து கோல் கோட்டைக் கடக்க 11.7 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும்போது ஜான் ஸ்டோன்ஸ் அதை உதைத்து வெளியே தள்ளினார். அந்த சீசன் முடிவில் லிவர்பூல் 97, சிட்டி 98. ஒரு சுண்டுவிரல் அகலத்தில் ஓராண்டு போயிற்று.

ஊடல் மருதத்துக்கு உரியது. ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்குள்தான் ஊடல் வரும். ஆன்ஃபீல்ட் மைதானத்தில் 1884 முதல் குடியிருந்தது எவர்டன். 1891இல் தன் முதல் லீக் பட்டத்தை அங்கிருந்தபடியே வென்றதும் எவர்டன்தான். பிறகு வாடகைத் தகராறு. மறுபக்கத்தில் நின்றவர் ஜான் ஹௌல்டிங் என்ற பீர் ஆலை முதலாளி. 1892இல் எவர்டன் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம், குடிசன் பார்க்குக்குப் போயிற்று. ஹௌல்டிங்கின் கையில் மைதானம் இருந்தது, ஆட ஆளில்லை. ஒரு கிளப்பைத் தொடங்கினார். குடியிருந்தவர் காலி செய்ததும் வீட்டுக்காரர் அதே வீட்டில் பிள்ளை பெற்று, தெருவுக்கே ராஜாவாக வளர்த்த கதை. இதைக் குடியிருந்தவரின் பேரப்பிள்ளைகள் மன்னிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது மருதத்தின் இலக்கணம் அறியாதவர் செயல்.

தொலைவு விதி

பந்தயம் நின்றபின் ரசிகர் பேச்சு ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் போய் நிற்கிறது என்று நோக்கினோம். முதலிடத்து லிவர்பூல் ரசிகர் 1990க்குப் போனார்: 30 ஆண்டு. பன்னிரண்டாம் இடத்து எவர்டன் ரசிகர், ‘உங்க வீட்டில் முதல் கப்பு எங்களுது’ என்று 1891க்குப் போனார்: 129 ஆண்டு. பதினொரு படி இறக்கத்துக்கு 99 ஆண்டு. ஆக, பட்டியலில் ஒரு படி இறங்கினால் ரசிகன் வரலாற்றில் ஒன்பது ஆண்டு பின்னோக்கி நடக்கிறான். கணக்கு இவ்வளவு துல்லியமாக வருவதே ஐயத்துக்குரியது. இதன்படி கடைசி இடத்திலிருந்த நார்விச் ரசிகர் 201 ஆண்டு பின்னால் போய் 1819இல் நிற்க வேண்டும். அப்போது நார்விச் கிளப் மட்டுமன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே பிறந்திருக்கவில்லை. விதியைக் கைவிட மனமில்லாததால் நார்விச்சைக் கைவிட்டோம்.

தடையும் விடையும்

இனி, பாதியில் நின்ற சீசனின் பட்டம் செல்லுமா என்ற வழக்குக்கு வருவோம். லீக் நின்ற மறுநாளே வெஸ்ட் ஹாம் கிளப்பின் துணைத் தலைவர் கேரன் பிரேடி, சீசனை முடிக்க முடியாவிட்டால் செல்லாது என்று அறிவிப்பதே நியாயம் என எழுதினார். அன்றைய பட்டியலில் வெஸ்ட் ஹாம் 27 புள்ளி; கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் இடத்திலிருந்த போர்ன்மௌத்தும் அதே 27. நியாயம் என்பது பெரும்பாலும் கோல் வித்தியாசத்தில் தொங்குவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நீலச்சட்டையார் தடை எழுப்புவார்: ‘பாதியில் நின்னது பாதிதான். அதுக்கு எப்படிங்க முழுப் பட்டம்?’

செஞ்சட்டையார் அயல்நாட்டுச் சான்று காட்டுவார். பிரான்சில் அரசு தடை போட்டதும் பிஎஸ்ஜிக்குப் பட்டத்தைக் கொடுத்து முடித்தார்கள். ஸ்காட்லாந்தில் செல்டிக்குக் கொடுத்தார்கள். அது அவர்களுக்குத் தொடர்ந்து ஒன்பதாவது. நீலச்சட்டையார் நெதர்லாந்தைக் காட்டுவார். அங்கே அயாக்ஸும் ஏஇசட்டும் 56, 56 என்று சமமாக நின்றிருக்க, ‘யாருக்கும் இல்லை’ என்றார்கள். இரண்டாம் பிரிவில் உச்சியில் இருந்த காம்பூருக்கு மேலேறும் வாய்ப்பும் இல்லாமல் போயிற்று. மூன்று நாடு, இரண்டு வகை நீதி. வாதத்துக்கு இது போதாதா?

அடுத்த தடை நுட்பமானது, நாம் மிகவும் ரசித்தது. ‘லீக் எப்போதெல்லாம் நிற்கிறதோ அப்போதெல்லாம் பட்டம் எங்க வீட்டில்தான் இருக்கும்’ என்பார் நீலச்சட்டையார். உண்மை. முதல் உலகப்போருக்காக லீக் நிற்குமுன் கடைசி சாம்பியன் 1915இல் எவர்டன். அடுத்தவர் வர 1920 ஆயிற்று. இரண்டாம் உலகப்போருக்கு முன் கடைசி சாம்பியன் 1939இல் மீண்டும் எவர்டன். அடுத்தவர் வந்தது 1947இல். இரண்டே பட்டத்தில் பதின்மூன்று ஆண்டு ஆட்சி. ஆடாமலே அரசாண்ட இப்பெருமையை வேறு எவரும் எட்டவில்லை. 

இதற்குச் செஞ்சட்டையாரின் விடை ஒற்றை வரி: ‘அந்த 1947இல் உங்ககிட்டருந்து வாங்கினது யாரு?’ லிவர்பூல்தான். கொடும்பனியால் ஆட்டங்கள் தள்ளித்தள்ளிப் போய் அந்த சீசன் ஜூன் வரை இழுத்தது. லிவர்பூல் மே 31 அன்றே கடைசி ஆட்டத்தை முடித்துவிட்டு, ஸ்டோக் சிட்டி தோற்குமா என்று இரண்டு வாரம் காத்துக் கிடந்தது. ஜூன் 14 அன்று ஸ்டோக், ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் தோற்றது, பட்டம் வந்தது. இடையூறு, இழுபறி, ஜூன் மாதம், வேறு யாரோ யாரிடமோ தோற்றுக் கிடைத்த கிரீடம்: 2020இல் நடந்ததெல்லாம் 1947இலேயே ஒத்திகை பார்த்தாயிற்று.

முழுதாக ஆடி முடித்த சீசனே தூயது என்பாரும் உளர். அவர்கள் 1914–15ஐப் பார்க்க. அட்டவணைப்படி எல்லா ஆட்டமும் நடந்தது. அதில் 1915ஆம் ஆண்டுப் புனித வெள்ளியன்று மான்செஸ்டர் யுனைடெட் லிவர்பூலை 2–0 என்று வென்றதும் அடக்கம். முடிவை இரு அணி வீரர்கள் சிலர் முன்பே பேசி வைத்துப் பந்தயம் கட்டியிருந்தது பின்னர் வெளிவந்து அவர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்த சீசனுக்கு யாரும் அடிக்குறிப்பு கேட்பதில்லை.

ஓர் ஆட்டத்தை மட்டும் இவ்வாய்வேடு பகடிக்கு எடுக்காது. நிறுத்தத்துக்கு இரண்டு நாள் முன், மார்ச் 11 அன்று, ஆன்ஃபீல்டில் 52,000 பேர் கூடினார்கள். மாட்ரிட்டில் பள்ளிகள் மூடப்பட்டு, ஸ்பெயினில் ஆட்டங்களுக்குப் பார்வையாளர் கூடாது என்று ஆகிவிட்ட நேரத்தில், அட்லெட்டிகோ மாட்ரிட்டின் 3,000 ரசிகர்கள் அங்கிருந்து பறந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். அனுமதித்தவர்கள் யார், ஏன் என்ற கேள்வி ரசிகர்களுடையது மட்டுமல்ல.

உடுக்குறிக் கோட்பாடு

ஜூன் 17 அன்று, கடைசி லீக் ஆட்டத்துக்கு நூறு நாள் கழித்து, காலி மைதானத்தில் ஆட்டம் மீண்டது. ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் ஆடிய அந்த முதல் ஆட்டத்திலேயே வில்லா கோல்கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்தபடி கோலுக்குள் போய்விட்டார். கோல் கோட்டுக் கருவி மௌனம். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் நடக்காத பிழை என்று பின்னால் விளக்கம் வந்தது. 11.7 மில்லிமீட்டரை எண்ணிச் சொன்ன தொழில்நுட்பத்துக்கு முழுப் பந்து தெரியவில்லை. 0–0 என்று முடிந்த அந்த ஆட்டத்தின் ஒரு புள்ளியால் வில்லா பிழைத்தது, போர்ன்மௌத் இறங்கியது. எனவே உடுக்குறி (ஐயத்துக்குரிய முடிவின் மேல் இடும் நட்சத்திரம்) வேண்டுமென்று முறைப்படி விண்ணப்பிக்க எவருக்கேனும் தகுதி உண்டென்றால் அது போர்ன்மௌத்துக்கே.

ஜூன் 25 அன்று செல்சி சிட்டியை 2–1 என்று வென்றதும் லிவர்பூல் சாம்பியன்; இன்னும் ஏழு ஆட்டம் கையில். ஒரு வாரம் கழித்துச் சிட்டி வீரர்கள் இருபக்கமும் வரிசையாக நின்று கைதட்டி வரவேற்று, அதன்பின் 4–0 என்று அடித்து அனுப்பினார்கள். விருந்தோம்பலில் இது தனி வகை. கோப்பையை ஜூலை 22 அன்று, ஆன்ஃபீல்டின் ஆளில்லாத கோப் மாடத்தில் மேடை கட்டித் தூக்கினார்கள். இறுதிக் கணக்கு 99 புள்ளி, சிட்டிக்கு 18 புள்ளி முன்னால்.

இங்கேதான் எதிரணி ரசிகர் உடுக்குறி கேட்கிறார்: ‘2020னு எழுதினா மேலே ஒரு நட்சத்திரம் போடு, கீழே கொரோனான்னு எழுது.’ நட்சத்திரத்துக்கு ஆதரவாகக் கூறப்படும் காரணம், இடைவேளை லிவர்பூலுக்கு உதவியது என்பது. தரவு வேறு சொல்கிறது. நிற்குமுன் 25ஆக இருந்த இடைவெளி முடிவில் 18ஆகச் சுருங்கிற்று. மிச்சமிருந்த ஒன்பது ஆட்டத்தில் கிடைத்தது 17 புள்ளி. 2018இல் சிட்டி வைத்த நூறு புள்ளிச் சாதனை ஒன்றில் தப்பியது. உடுக்குறி போடத்தான் வேண்டும் என்றால் ‘இன்னும் கூடியிருக்க வேண்டியது’ என்றுதான் கீழே எழுத முடியும்.

ஆனால் நம் கருத்து, செஞ்சட்டையார் அந்த உடுக்குறியை எதிர்க்கக் கூடாது. பட்டத்தின் எடை அதை மறுப்பவர்களின் தலையெண்ணிக்கைக்கு நேர்விகிதம் என்பதே இவ்வாய்வின் நடுக்கருத்து. 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5–1 என்று வென்று லிவர்பூல் இருபதாம் பட்டம் பெற்றது. மைதானம் நிறைந்த கூட்டம், ஊரே தெருவில். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைப் பற்றி எவரிடமும் ஒரு மணி நேரம் சண்டை பிடிக்க முடியாது. 2020ஐப் பற்றி விடிய விடியப் பிடிக்கலாம்.

மேலாய்வுக்கு

1939–40 சீசன் மூன்றே ஆட்டத்தோடு நின்றது. செப்டம்பர் 2 சனிக்கிழமை ஆடினார்கள், ஞாயிறன்று பிரிட்டன் போர் அறிவித்தது, லீக் அந்த முடிவுகளையெல்லாம் ரத்து செய்தது. அந்நேரம் மூன்றையும் வென்று உச்சியில் இருந்தது பிளாக்பூல். அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கிளப் இங்கிலாந்தின் முதற்பட்டத்தை வென்றதில்லை. 1956இல் இரண்டாமிடம் வந்ததே அதிகபட்சம். எம் கோட்பாட்டின்படி, பிளாக்பூல்காரர் ஒருவர் கோரவும், பக்கத்து ஊர்ப் பகையாளியான பிரெஸ்டன்காரர் ஒருவர் சினந்து மறுக்கவும் செய்தால் பட்டம் உயிர்பெற்றுவிடும். மறுக்க முன்வரும் பிரெஸ்டன்காரருக்கு பிளாக்பூல் போய்வர ரயில் கட்டணம் இவ்வாய்வாளர் பொறுப்பு. சாதாரண வகுப்பு மட்டும்.